திட்டமிடாதவன் யார்?

வெளிநாடு செல்ல முனைகிறவன் முறையாகத் திட்டமிட வேண்டும். திட்டமிடாமல் போனவன் நடுத்தெருவில் நின்றால் அதற்கு அவனே பொறுப்பு. கொரோனாக் காலம் கழிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்தக் கருத்தைப் படித்தவர்களின் வாயிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். புலம்பெயர்வு இலக்கியம் குறித்த கருத்தரங்கு ஒன்றில் அண்மையில் இதையே கொஞ்சம் கண்ணியமான சொற்களில் ஒருவர் எடுத்துரைத்தார். நம் மக்களிடம் பயணத்தைத் திட்டமிடும் பண்பாடு வளரவில்லை என்பது அவருடைய கருத்தின் சாரம். அவையில் பலர் தலையசைத்தார்கள். இக்கட்டுரை அந்தத் தலையசைப்புக்கு எதிரானது.

என் தரப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரையிலான ஈராண்டுகளில் திட்டமிட்டவர்கள் தொழிலாளர்கள். திட்டமிடத் தவறியவை அரசுகள். பயணம் நின்றபோது விசாவின் தேதி நிற்கவில்லை. மருத்துவச் சான்றின் தேதி நிற்கவில்லை. அடகுக் கடை வட்டியின் தேதியும் நிற்கவில்லை. விமானம் ஒன்றுதான் நின்றது. இந்த முரணின் சுமை முழுவதையும் மிகக் குறைந்த கையிருப்பு உள்ளவன் மீது ஏற்றிவிட்டு, அவனுக்கே திட்டமிடலைப் பற்றி வகுப்பெடுப்பது அறிவுடைமை ஆகாது.

*

புதுக்கோட்டை மாவட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். 1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானமாக இருந்து, 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமானது எங்கள் மண். ஏரி, கண்மாய்களை நம்பிய வேளாண்மை. வானம் பொய்த்தால் வேலை இல்லை. கிழக்கே கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என நீளும் கடற்கரை. இங்கே அக்கரைச் சீமைக்குப் போவது ஒரு தலைமுறையின் ஆசை அல்ல, நான்கைந்து தலைமுறைகளின் வாழ்முறை. 'சிங்கப்பூரார் வீடு', 'மலேயாக்காரர் வீடு' என்று வீடுகளுக்குப் பெயர் வழங்கும் ஊர்கள் அறந்தாங்கி வட்டாரத்தில் உண்டு. கடற்கரை இசுலாமியர்களிடையே வெளிநாட்டுப் பயணத்துக்குச் சபர் என்றும், போகிறவருக்குச் சபுராளி என்றும் பெயர். ஒரு செயலுக்குத் தனிச் சொல் பிறந்து நிலைத்துவிட்டதென்றால் அச்செயல் அச்சமூகத்தில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை மொழி படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, தமிழ்நாட்டிலிருந்து ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் வாழ்வதாக மதிப்பிட்டது.

இந்த வாழ்முறைக்குள் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் புகுந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் இருபது, முப்பது ஆண்டுகள் வளர்ந்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னை மறுபடியும் காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? என் வகுப்பில் படித்த பையன்களின் அண்ணன்மார் பலர் 2019இல் பாஸ்போர்ட் எடுத்தது இதனால்தான். கன்றுகளை நட்டுவிட்டு, அவை காய்க்கும் வரை வெளிநாட்டில் உழைப்பது என்பது அவர்கள் கணக்கு. இதைவிடத் தெளிவான ஐந்தாண்டுத் திட்டத்தை நம் திட்டக்குழுக்கள் தீட்டியிருக்கின்றனவா?

அப்படிப் புறப்படுகிறவனின் பாதையைப் பாருங்கள். திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ்ப் பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால் அதில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு. அக்குறிப்பு உள்ளவர், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படிப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். அதற்கு முன்னால் ஏஜென்ட். சட்டப்படி உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் ஊரிலிருக்கும் சப்-ஏஜென்ட் கேட்கும் தொகை அதைப் போலப் பல மடங்கு என்பது ஊரறிந்த ரகசியம். பின்னர் மெடிக்கல், அதன் சான்று சில மாதங்களில் காலாவதியாகும். பின்னர் விசா அடித்தல்; அதற்குள்ளும் ஒரு தேதி. கட்டாயக் காப்பீடு. டிக்கெட். சிங்கப்பூர் என்றால் முதலில் வேலை அனுமதிக்கான முன்னிசைவுக் கடிதம். அதற்கும் ஒரு தேதி.

இத்தனை தேதிகளையும் ஒன்றோடொன்று முட்டாமல் கோத்து, நகையை அடகு வைக்கும் நாளையும் நிலத்தை ஒத்திக்கு விடும் நாளையும் அவற்றோடு இணைத்து, முதல் மாதச் சம்பளம் வரும்போது முதல் வட்டி கட்டும்படி அமைத்துக்கொள்கிறான் எட்டாவது படித்த ஒருவன். இவனிடம் திட்டமிடும் பண்பாடு இல்லை என்கிறோம், மாதச் சம்பளம் தவறாமல் கணக்கில் விழும் நாம்.

*

இனி, அவன் கோத்து வைத்த தேதிகளை யார் அறுத்தார்கள் என்று பார்ப்போம். ஆண்டும் நாளுமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நினைவு மங்கிவருகிறது; மங்கிய நினைவு எப்போதும் வலியவருக்குத்தான் சாதகமானது.

2020 மார்ச் 22இல் இந்தியா பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. ஒரு வாரத்துக்கு என்றுதான் முதலில் அறிவிப்பு. வழக்கமான அட்டவணைப் பறப்பு மீண்டும் தொடங்கிய நாள் 2022 மார்ச் 27. இடையில் 2020 மே 7 முதல் 'வந்தே பாரத்' விமானங்கள், ஜூலை முதல் சில நாடுகளோடு தற்காலிக ஏற்பாடுகள். வந்தே பாரத்தில் வந்தவர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே கட்டினார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்வோம்.

2020 ஆகஸ்டு 1இல் குவைத் தன் விமானச் சேவையைத் திறந்த அதே நாளில் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்தது. செப்டம்பர் 7 முதல் மலேசியா, நீண்டகால அனுமதி வைத்திருந்த இந்தியர்களையும் உள்ளே விடவில்லை; அதன் எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. அதே செப்டம்பரில் சவுதி அரேபியா இந்தியாவுடனான பயணத்தை நிறுத்தியது. இந்தியாவிலிருந்து நேரடியாக எல்லோரும் நுழையலாம் என்ற நிலை 2021 டிசம்பர் 1இல்தான் வந்தது. 2021 ஏப்ரலில் இங்கே இரண்டாம் அலை எழுந்தபோது சிங்கப்பூர் 23ஆம் தேதி நள்ளிரவிலும், ஐக்கிய அரபு அமீரகம் அதற்கு அடுத்த நாள் நள்ளிரவிலும் கதவைச் சாத்தின.

நேர்வழி அடைபட்டால் சுற்றுவழி. மூன்றாவது நாடு ஒன்றில் 14 நாள் தங்கினால் சவுதிக்குள் நுழையலாம் என்ற விதி இருந்தது. ஆகவே சிலர் துபாய் சென்றார்கள். 2021 பிப்ரவரியில் சவுதி அமீரகத்தையும் தடைப்பட்டியலில் சேர்க்க, அங்கேயே சிக்கினார்கள். சிலர் நேபாளம் சென்றார்கள். ஏப்ரல் 28 முதல் நேபாளம் அவ்வழியை மூடியது. சிலர் மாலத்தீவு சென்றார்கள். மே மாதம் அதுவும் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் கடன் வாங்கிக் கட்டிய விடுதிப் பணமும் டிக்கெட் பணமும் போயின. ஒரு வழி அடைபட்டதும் அடுத்ததைத் தேடியவனைத்தான் 'திட்டமிடாதவன்' என்கிறோம்.

அதன் பின்னர் வந்தது தடுப்பூசிப் படலம். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வரிசையில் நின்றவனுக்கு அன்று எந்த ஊசி வந்திருந்ததோ அதுதான் கிடைத்தது. கோவாக்சின் கிடைத்தவனுக்கு வளைகுடா நாடுகள் பலவற்றின் கதவு அப்போது திறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது 2021 நவம்பர் 3இல். கோவிஷீல்டு கிடைத்தவனுக்கு வேறொரு சிக்கல்: இரு தவணைகளுக்கு இடையே 12 முதல் 16 வாரம் என 2021 மே 13இல் அரசு இடைவெளியை நீட்டியது. அந்த இடைவெளிக்குள் பலருடைய விசாத் தேதி முடிந்துவிடும் என்று அறிவிப்பை எழுதிய எவருக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் செல்வோர் 28 நாள்களுக்குப் பின் இரண்டாம் தவணை பெறலாம், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம் என்ற நெறிமுறை ஜூன் 7இல்தான் வந்தது. அதாவது, நாட்டின் ஒரு பகுதி மக்கள் வெளிநாட்டு வருவாயில் வாழ்கிறார்கள் என்பது திட்டமிடும் அறைக்கு இருபத்தைந்து நாள் கழித்து நினைவுக்கு வந்தது.

2021 ஆகஸ்டு 5இல் அமீரகம் ஓரளவு கதவைத் திறந்தபோது, புறப்படும் விமான நிலையத்திலேயே, புறப்பாட்டுக்கு 4 மணி நேரத்துக்குள் விரைவு பி.சி.ஆர். சோதனை செய்திருக்க வேண்டும் என்றது. அந்த வசதி இல்லாத நிலையத்திலிருந்து பறக்க முடியாது. நவம்பர் 29இல் சிங்கப்பூர் தடுப்பூசி போட்டவர்களுக்கான சிறப்பு வழித்தடத்தை இந்தியாவுக்குத் திறந்தது. சென்னை, தில்லி, மும்பை ஆகிய மூன்று நகரங்களிலிருந்து. திருச்சி அதில் இல்லை. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் காவிரிப் படுகையும் புதுக்கோட்டையும் சிவகங்கையும் எவ்வளவு வியர்வை சிந்தியிருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த விடுபாட்டின் பொருள் புரியும்.

*

இங்கே ஒரு மறுப்பு வரும். அது நியாயமான மறுப்பு என்பதால் நேராக எதிர்கொள்கிறேன். தொற்று பரவும் காலத்தில் தன் எல்லையை மூட ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா?

உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நோய்க்காக மக்களைத் தடுத்து நிறுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அம்மை, காலரா, பிளேக் அச்சத்தால் அங்கே சில நாள் அடைத்துவைத்து, சோதித்து, அம்மை குத்தி, பின்னர் 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வழியாக அனுப்பினார்கள். கடலுக்கு அப்பால் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் பினாங்கின் ஜெரஜாக் தீவிலும் இதே வேலைக்கான நிலையங்கள் இருந்தன. அம்முகாம்களில் மனிதர்கள் கால்நடைகளைப் போல நடத்தப்பட்டதை நான் மறக்கவில்லை. அந்தக் காலனியத்துக்கு வக்காலத்து வாங்குவதும் என் நோக்கமன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மண்டபத்தில் அடைக்கப்பட்டவனுக்கு எண்ணிக்கை இருந்தது. இத்தனை நாள், அதன் பின் கப்பல். தனிமைப்படுத்தல் என்பது பயணத்தின் ஒரு கட்டமாக இருந்தது. 2020இலும் 2021இலும் நம்மவர்களுக்குக் கிடைத்தது நாள் எண்ணிக்கை இல்லாத தடை. இந்த மாத இறுதிவரை, அடுத்த மாத இறுதிவரை என நீண்டுகொண்டே போன அறிவிப்பை வைத்துக்கொண்டு எவன் திட்டமிட முடியும்?

ஆகவே கேள்வி எல்லையை மூடலாமா என்பதன்று. மூடிய நாள்களின் நட்டத்தை யார் ஏற்பது என்பதே கேள்வி. கதவைப் பூட்டியவன், பூட்டிய காலத்துக்கும் வாடகை கேட்கலாமா?

இன்னொரு மறுப்பு, விசாவின் தேதி என்பது சட்டம். சட்டம் யாருக்காகவும் நிற்காது என்பது. இது வெறும் பொய். பல இடங்களில் நின்றது. சவுதி அரசு இகாமாவையும் வெளியேறி மீள்நுழையும் விசாவையும் 2021இல் பலமுறை கட்டணமின்றி நீட்டித்தது. கனடா, நிரந்தரக் குடியேற்ற ஒப்புதல் பெற்றும் பயணம் செய்ய முடியாமல் காலாவதியான சான்றுகளை ஏற்கவும் புதுப்பிக்கவும் வழி செய்தது. தேதி என்பது எழுத்தர் ஒருவர் அச்சிட்ட எண். இன்னோர் எழுத்தர் அதை மாற்றி அச்சிட முடியும் என்பதையே இவை மெய்ப்பித்தன. அமீரகமோ, காலாவதியான வசிப்பு விசாக்கள் 2020 இறுதிவரை செல்லும் என்று முதலில் அறிவித்து, ஜூலையில் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. அதாவது கடிகாரம் நிறுத்தப்பட்டு, மறுபடியும் ஓட்டிவிடப்பட்டது. இரண்டும் மனிதர் எடுத்த முடிவுகளே.

சில அரசுகள் நீட்டித்தனவே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். விசாவை நீட்டித்த எந்த அரசும் அறந்தாங்கி அடகுக் கடையின் சீட்டை நீட்டிக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை கடன் தவணைகளுக்கு அவகாசம் அளித்தது. அது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தியது. கைமாற்றுக்கும் மீட்டர் வட்டிக்கும் ரிசர்வ் வங்கி ஏது? வெளிநாட்டுக் கனவுக்கு வங்கியில் கடன் கிடைக்காதவன்தானே அங்கே போய் நிற்கிறான். என் பழைய மாணவன் ஒருவன், திருவரங்குளம் பக்கத்துப் பையன், மெடிக்கல் முடித்து விசா அடித்து 2020 ஏப்ரலில் புறப்பட இருந்தவன். அவன் விமானம் ஏறியபோது 2022 நடுப்பகுதி. இடையில் விசா இருமுறை மாறியது, மெடிக்கல் மூன்று முறை நடந்தது, தாயின் தாலிச் சங்கிலி ஏலத்துக்குப் போனது. முகவர் பணத்தைத் திருப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'திறந்தவுடன் அனுப்புகிறேன்' என்று ஈராண்டும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் ஈராண்டுச் சம்பளம் போகாத ஈராண்டுக்கான வட்டிக்குச் சென்றது. இந்தக் கணக்கில் அவன் செய்த பிழை எந்த வரியில் இருக்கிறது என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

*

நாம் திட்டமிடலை மதிப்பிடும் அளவுகோலே இரண்டு. கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ நிரந்தரக் குடியுரிமை நோக்கிச் செல்லும் பொறியாளனின் கையில் இருப்பதும் ஒரு தேதியிட்ட காகிதம்தான். குறித்த நாளுக்குள் அந்நாட்டு மண்ணில் கால் வைத்து விசாவை உறுதிசெய்யாவிட்டால் அதுவும் வீண்தான். அவனும் துன்பப்பட்டான். 2021 மே 3 முதல் 15 வரை, இந்தியாவிலிருந்து திரும்பும் தன் சொந்தக் குடிமக்களுக்கே ஐந்தாண்டுச் சிறை வரை தண்டனை என்றது ஆஸ்திரேலியா. அந்தத் துன்பத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அவன் பயணம் தடைபட்டபோது நாம் 'பாவம், எவ்வளவு திட்டமிட்டிருந்தான், காலம் சதி செய்துவிட்டது' என்றோம். கொத்தனாரின் பயணம் தடைபட்டபோது 'யோசிக்காமல் பணத்தைக் கொட்டிவிட்டான்' என்றோம். ஒரே நோய், ஒரே மூடிய வானம், ஒரே வகைக் காகிதம். மாறியது போகிறவனின் கல்வித் தகுதி மட்டும். பொறியாளனுக்கு மின்னஞ்சல் எழுதத் தெரியும், வழக்கறிஞரை அமர்த்த முடியும், அங்கே போகாவிட்டால் இங்கே வேலை உண்டு. கொத்தனாருக்கு இவை எதுவும் இல்லை. காப்பு குறைந்தவனிடம் கடுமை கூடுவது எந்த அறம்?

போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும் நன்றாக இருந்தார்களா? சிங்கப்பூரில் 2020இன் முடிவில் வெளியான அரசுக் கணக்கின்படி, விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. வெளியே நின்றவனுக்குக் கதவடைப்பு. உள்ளே இருந்தவனுக்கும் கதவடைப்பு.

*

தமிழ் கற்பிக்கும் நம் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது நம் வீட்டுக் குப்பை.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடலை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பூங்குன்றம் என்று கருதப்படும் மகிபாலன்பட்டி, எங்கள் மாவட்டத்துக்கு அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்தது. 2019 செப்டம்பர் 27இல் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியப் பிரதமர் அப்பாடலை எடுத்துரைத்தபோது நாம் பூரித்தோம். அதற்கு ஆறு மாதம் கழித்து எல்லா ஊரும் அடைபட்டபோது, அப்பாடலின் முதலடியைச் சொல்லி ஒரு தூதரகத்தின் கதவையேனும் தட்டினோமா? கொன்றை வேந்தனில் கடல் கடந்து பொருள் தேடச் சொல்லும் அடியும் நமக்கு மனப்பாடம். தேடப் போனவனைக் கடற்கரையிலேயே நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று உரை எழுத நம்மில் எவரும் முன்வரவில்லை.

தொல்காப்பியம் பொருள்வயிற் பிரிவை அகத்திணையில் வைத்தது. கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணைச் சேர்க்கவில்லை. இதை வைத்து எத்தனை ஆய்வேடுகள்! பிரிந்து சென்ற தலைவனுக்கும் காத்திருக்கும் தலைவிக்கும் உரை எழுதிச் சலித்துவிட்டோம். செல்ல முடியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் தலைவனுக்கு நம் இலக்கணத்தில் இடம் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்க, மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் விசாத் தாளைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டிருந்தவனின் துறை எது? வாழ்க்கை புதிய துறையைத் தந்தபோது நாம் இணையவழிக் கருத்தரங்குச் சான்றிதழ் சேகரித்துக்கொண்டிருந்தோம். ப. சிங்காரம், போரால் கடல் மூடப்பட்ட காலத்துத் தமிழனை 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் நமக்குத் தந்தார். சிங்கம்புணரிக்காரரான அவர் எங்களுக்கு அண்டை ஊர்க்காரர். நோயால் வானம் மூடப்பட்ட காலத்துத் தமிழனை யார் எழுதப்போகிறார்கள்? எழுதாவிட்டால் அவனைப் பற்றி மிஞ்சப்போவது, அவன் திட்டமிடத் தெரியாதவன் என்ற அந்த ஒற்றை வாக்கியந்தான்.

அரசு தன் பங்குக்கு 2022 முதல் ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் விழா மேடையில் அமர்பவர்கள் போய்ச் சேர்ந்து வென்றவர்கள். போக முடியாதவனுக்கு அந்த நாளில் நாற்காலி இல்லை. கேரளத்தைப் பாருங்கள். 1996லேயே வெளிநாடு வாழ் கேரளர்களுக்கெனத் தனித் துறை அமைத்த மாநிலம் அது. 2020 ஜனவரி 1க்குப் பின் ஊர் வந்து, ஊரடங்கால் வேலைக்குத் திரும்ப முடியாமல் போனவர்களுக்கும், விசா காலாவதியானவர்களுக்கும் அது ரூ.5,000 வழங்கியது. சிறு தொகைதான், வட்டிக்குக் கூடப் போதாது. ஆனால் அந்தத் தொகையை விடப் பெரியது ஒன்று அதில் இருக்கிறது: 'திரும்ப முடியாமல் போனவர்' என்ற ஒரு வகையினர் உண்டு என அரசின் ஏடு ஒப்புக்கொண்டது. ஏட்டில் பெயர் இருந்தால்தானே அடுத்த முறை கணக்கெடுக்க முடியும்.

*

வெறும் சினம் போதாது என்பதை அறிவேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று. தொழிலாளர்களை அனுப்பும்போது நாடுகளுக்கிடையே செய்துகொள்ளும் உடன்பாடுகளில், எல்லை மூடப்பட்ட நாள்கள் விசாவின் காலக்கணக்கில் சேராது என்ற விதி எழுதப்பட வேண்டும். மருத்துவச் சான்று காலாவதியானால் மறுசோதனைச் செலவு தொழிலாளியைச் சேரக்கூடாது.

இரண்டு. முகவரிடம் கொடுக்கும் பணம், தொழிலாளி வேலையில் சேரும் வரை மூன்றாம் தரப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற முகவர்களிடமிருந்து அரசு ஏற்கெனவே வங்கி உறுதி வாங்கி வைத்திருக்கிறது. பயணம் நிகழாதபோது குறித்த நாள்களுக்குள் பணத்தைத் திருப்ப அதைப் பயன்படுத்த என்ன தடை? ரசீதே கொடுக்காத சப்-ஏஜென்டைச் சட்டத்தின் வளையத்துக்குள் கொண்டுவராமல் இது பயன்தராது என்பதும் உண்மை.

மூன்று. கட்டாயக் காப்பீட்டின் மையம் விபத்து மரணமும் ஊனமும். செத்தால் பணம் உண்டு. வாழ வழியடைந்தால் இல்லை. பயணத்தடையால் வேலை இழப்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

நான்கு. புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் ஆட்சியர் அலுவலகத்தில், வெளிநாடு செல்வோருக்கான முழுநேர உதவிப் பிரிவு வேண்டும். எந்த நாடு எந்த நாளில் என்ன விதி மாற்றியது என்பதைத் தமிழில், அன்றன்றைக்கே சொல்லும் ஓரிடம். 2021இல் அந்தச் செய்தியை எங்கள் மக்கள் வாட்ஸ்அப் வதந்திகளிலிருந்தும், பணம் வாங்கிய ஏஜென்டிடமிருந்தும் பெற்றார்கள். திட்டமிடச் சொல்பவர்கள் திட்டமிடுவதற்கான தகவலையாவது கொடுக்க வேண்டாமா?

1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2019இல் ஒரு வரைவு வந்தது, 2021இல் ஒன்று, 2025இல் மற்றொன்று. பெருந்தொற்று என்ற பெரும் பாடம் நடுவில் நிகழ்ந்திருக்கிறது. அடுத்த தொற்றோ போரோ வரும்போது நிற்கும் விமானத்தோடு கடிகாரத்தையும் நிறுத்தும் விதி சட்டத்தில் இருக்குமா என்பதே அந்தப் பாடத்தைக் கற்றோமா என்பதற்கான தேர்வு.

வரைவுகளின் மீது கருத்துக் கேட்கும் அறிவிப்புகள் வெளிவரும்போது, ஆங்கிலத்தில் அவற்றைப் படித்து, நம் மக்களுக்காக ஒரு பக்கம் எழுதி அனுப்பும் தகுதி தமிழ் படித்த நமக்கும் உண்டு. திட்டமிடும் பண்பாட்டைப் பற்றிக் கருத்தரங்கில் கவலைப்படும் அன்பர்கள் முதலில் அந்த ஒரு பக்கத்தை எழுதட்டும். அதுவரை, தேதிகளைக் கோத்துத் தெரிந்தவனுக்குத் திட்டமிடலைக் கற்பிக்கும் தகுதி நம் யாருக்கும் இல்லை.